கயிறு தெரியும் வானம்

கோல சிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, முடிவெட்டும் கடையில் முகம் வழிக்க உட்கார்ந்திருக்கிறேன். தஞ்சோங் காராங்கில் தங்கை பேத்திக்குக் கல்யாணம். அடுத்த பஸ்ஸைப் பிடித்தால்தான் தாலி கட்டுவதைப் பார்க்கலாம்.

ஒரு கன்னம் முடிந்துவிட்டது. மறு கன்னத்தில் நுரை இருக்க, கடைக்காரர் கத்தியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் தெரியும் டிவியையே பார்க்கிறார். ஏதோ பழைய மந்திரப் படம். ராட்சசனுக்குத் தாடி ஒரு பக்கம் பிய்ந்து தொங்குகிறது. அவன் கர்ஜித்தால் குகையே ஆடுகிறது, அட்டைக் குகை. எங்கள் ரப்பர் தோட்டத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட காலத்திலும் இதே குகைதான், இதே சிரிப்புதான் எனக்கு.

“சிரிக்காதீங்க ஐயா, கன்னம் ஆடுது,” என்று சொல்லிவிட்டு அவரும் சிரிக்கிறார்.

தேவதை பறக்கிறாள். இடுப்பில் கட்டிய கயிறு பளிச்சென்று தெரிகிறது.

“கயித்த மறைக்கக்கூடத் தெரியல பாத்தியாப்பா.”

“அதுக்குத்தான் ஐயா பாக்கறேன். இப்ப வர்ற படத்துல எல்லாம் கம்ப்யூட்டர்தான் பறக்குது. இங்க நெசமாவே ஒரு பொண்ணு தொங்குதுலா.”

எனக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. அவ்வளவு உயரத்தில், ஒற்றைக் கயிற்றில், அவள் புன்னகை மாறாமல் ஆசி வழங்குகிறாள். கயிறு மெல்ல முறுக்கிக்கொள்ள, அவளும் சுழல்கிறாள். நான் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொள்கிறேன்.

அதே கண்ணாடியில், வாசலுக்கு வெளியே, என் பஸ் வந்து நிற்கிறது.

“பஸ் வந்துருச்சு ஐயா. சட்டுனு வழிச்சு விட்டுரவா?”

“இருப்பா. அந்தப் பொண்ணு மொதல்ல கீழ எறங்கட்டும்.”