உட்கார்ந்தே ஏறிய கப்பல்

கடற்படைக் கப்பல்களைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். தாம்பரத்திலிருந்து அக்காவுடன் ரயிலில் துறைமுகத்துக்குப் போனேன். போலியோவில் சூம்பிய என் காலைப் பார்த்ததும் கப்பல் படிக்கட்டில் நின்ற காவலர் மறித்தார்.

"படி ரொம்ப செங்குத்தா இருக்கும்மா. கீழருந்தே பாத்துக்கோங்க."

"எல்லாரும் பாக்கலாம்னுதானே சொன்னீங்க?"

ஊன்றுகோலை அக்காவிடம் கொடுத்துவிட்டு முதல் படியில் உட்கார்ந்தேன். கைகளைப் பின்னால் ஊன்றி, ஒவ்வொரு படியாக உடம்பைத் தூக்கி வைத்தேன்.

"இன்னாமா, லைன் நிக்குது, ஒரே பேஜாரு!" என்றார் பின்னால் ஒருவர்.

"நிக்கட்டும்ணா. நான் ஏறிட்டுத்தானே இருக்கேன்?"

"வாடி, போயிடலாம்" என்று கெஞ்சிய அக்காவும் ஊன்றுகோலோடு பின்னாலேயே ஏறி வந்தாள். மேல்தளத்தில் எழுந்து நின்றபோது உள்ளங்கைகள் எரிந்தன. புடவையை உதறிக்கொண்டு, எல்லோரையும் போல நானும் பீரங்கிப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டேன்.