எங்கள் மனையில் ஒரு முருங்கை

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ஒரு திருடனைப் பிடித்தாள். பட்டப்பகலில், படப்பையில், நாங்கள் வாங்கிப் போட்ட மனையில்!

திருடர் கையில் தொரட்டிக் கம்பு. பக்கத்தில் நிறுத்திய மொபெட்டில் ஒரு கோணிப்பை. எங்கள் முருங்கை மரத்தின் முதல் காய்களை ஆற அமரப் பறித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து, "வாங்க சார், மனை பாக்க வந்தீங்களா?" என்று உபசாரம் வேறு...

இருங்கள். மரத்தைப் பற்றிச் சொல்லாமல் திருடரைப் பற்றிச் சொன்னால் புரியாது.

வாடகை வீடுதான் வசதி என்பது என் கட்சி. குழாய் ஒழுகுகிறதா? வீட்டுக்காரர் பாடு. சுவரில் விரிசலா? அதுவும் அவர் பாடு. மாதம் பிறந்ததும் வாடகையைக் கொடுத்துவிட்டுக் காலை நீட்டிப் படுக்கலாம். இதை இந்தப் பக்கத்தில் எழுதி, உங்களில் பாதிப் பேரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் இருக்கலாம்.

என் மனைவி சரோஜா எதிர்க்கட்சி. அதற்காக மாடி கேட்டதில்லை, மொசைக் தரை கேட்டதில்லை. தான் வைத்த மரத்தில் தானே காய் பறிக்க வேண்டும் - அவ்வளவுதான் ஆசை. கல்யாணமான நாளாக அது மட்டும் நடக்கவே இல்லை.

குரோம்பேட்டை வீட்டில் முருங்கைக் கிளை நட்டாள். அது பூ விட்டதும் வீட்டுக்காரர் பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாகி, எங்களைக் காலி பண்ணச் சொன்னார். பல்லாவரத்தில் பப்பாளி. பிஞ்சு விட்ட சமயம் பார்த்து வீட்டுக்காரரின் மாப்பிள்ளை மாற்றலாகி வந்துவிட்டார். இப்போது இருக்கும் தாம்பரம் வீட்டில் கறிவேப்பிலை... அது தழைத்ததும் வீட்டுக்காரம்மாவே ஒடித்து, எங்களுக்கும் ஒரு கொத்து தானம் கொடுத்தார்!

போன வருடம் நான் தோற்றேன். மனை விற்கிறவர்கள் எங்களை வேனில் ஏற்றிப் போய், வெயிலில் நிறுத்தி, சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்து, "ஃபேக்டரிங்க வருது சார், அப்புறம் இந்த இடத்தை யாரும் தொட முடியாது" என்றார்கள். நாலா பக்கமும் பொட்டல். நடுநடுவே வெள்ளையடித்த கல். வாங்கிவிட்டோம்.

வீடு கட்டத்தான் வசதி வேண்டும், மரம் வைக்க என்ன? அடுத்த ஞாயிறே சரோஜா ஒரு முருங்கைக் கிளையை நட்டு, ஆடு கடிக்காமல் சுற்றிலும் முள் கட்டினாள். அன்று முதல் வாராவாரம் பஸ்ஸில் தண்ணீர் கேனோடு பயணம். "இன்னாக்கா, மரம் எப்டி கீது?" என்று கண்டக்டரே விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். சித்திரை வெயிலில்கூட மரம் வாடவில்லை. "என் கை ராசி, பாத்தீங்களா?" என்று அவளுக்கு ஒரே பெருமை.

இப்போது திருடரிடம் வருவோம்.

"யாருங்க நீங்க? இது எங்க மரம்! எங்க மனை!" என்று சரோஜா கோணிப்பையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா சொல்றீங்க? இது நம்ம மனைக்கா!"

அவர் பெயர் தேவராஜ். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஃபேக்டரி வேலை. படப்பையில் வாடகை வீடு. நாங்கள் மூவரும் ரோட்டிலிருந்து மனைகளை எண்ணிக்கொண்டே வந்தோம். நான் எண்ணினால் மரம் எங்களுடையது. அவர் எண்ணினால் அவருடையது. அதெப்படி?

"மொதல் மனைய ஏன் சார் எண்ணுறீங்க? அது மனையே இல்ல, பார்க்கு!"

பார்க்கா? புல்கூட முளைக்காத அந்தக் கட்டாந்தரையைப் பார்க் என்று எந்தக் கண்ணால் கண்டுபிடிப்பது? கல்லில் எழுதியிருந்த நம்பரையும் மழை கழுவிவிட்டது. எங்கள் நிஜமான மனை பக்கத்தில், நெருஞ்சி மண்டிக் கிடந்தது.

"சரி, இவ நட்ட மரம் இங்க எப்படி வந்துதுன்னு நினைச்சீங்க?" என்றேன்.

"மனைக்கு ஒரு தென்னங்கன்னு ஃப்ரீன்னு சொன்னாங்களே சார்! தென்னைக்குப் பதிலா முருங்கைய நட்டுட்டாங்க, போனா போவுதுன்னு வுட்டுட்டேன். முள்ளு வேற கட்டிக் குடுத்துக்கீறாங்க, நல்ல கம்பெனின்னு ஃபேக்டரி லைன்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேன். ஷிஃப்ட் வுட்டு வரும்போது தெனம் ஒரு கேன் தண்ணி ஊத்திட்டுதான் வூட்டுக்குப் போவேன்."

ஓகோ... கை ராசி அதுதானா! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சரோஜாவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. கண் கலங்கி நின்றாள். சொந்தமாக மனை வாங்கிய பிறகும் மரம் இன்னொருத்தருடையது என்றால்?

தேவராஜ் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு தொரட்டியை அவள் கையில் கொடுத்தார்.

"நட்டது நீங்க, நீங்களே பறிங்கக்கா. நாளைக்கு நான் வூடு கட்டுனாலும் இத்த வெட்ட மாட்டேன். எப்ப வோணா வாங்க. தண்ணி நான் ஊத்திக்கறேன்."

சரோஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தொரட்டியை மாட்டி இழுத்தாள். ஒரு காய் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. பறித்ததில் பாதியை அவர் கோணிப்பையில் போட்டுவிட்டுத்தான் கிளம்பினாள்.

திரும்பும்போது பஸ்ஸில் காய்களை மடியில் வைத்திருந்தாள். "நம்ம மனையில வேற ஒண்ணு வச்சிடலாமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"வைக்கலாம். ஆனா அந்த மரம் அங்கேயே இருக்கட்டும்" என்றவள் சிரித்தாள். "இத்தனை வருஷத்துல, காலி பண்ணச் சொல்லாத வீட்டுக்காரர் இப்பதாங்க கிடைச்சிருக்கார்!"