பஸ் ஸ்டாண்டில் தொங்கிய ரகசியம்

செஞ்சி என்றதும் கோட்டைப் படங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். இந்த முறை நான் ராஜகிரி ஏறவில்லை. அன்றைக்கு எனக்கிருந்த ஆத்திரத்தில் மலையடிவாரக் குரங்குகள்கூட என் பக்கம் வந்திருக்காது.

சென்ற மாசியில் ஒரு வியாழக்கிழமை அது. வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்களுக்காக ஊர் மட்டத்தில் ஒரு தடுப்புத் திட்டம் வகுக்கும்படி, சென்னையில் நான் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனம் சொல்லியிருந்தது. அதற்கான நான்காவது பயணம். கிளாம்பாக்கத்தில் காலை 6.10க்குத் திருவண்ணாமலை பஸ், டிக்கெட் 115 ரூபாய். திண்டிவனத்தில் டீக்குப் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். 9.20க்குச் செஞ்சியில் இறங்கினேன்.

திட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. முதல் பயணத்தில் செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு நான் கொண்டுபோன யோசனை, பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஒரு புகார்ப் பெட்டி. ஊர்ப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். "பொட்டிக்கு எதிர்லயே டீக்கடை இருக்குது. நான் சீட்டு போடறத ஊரே பாக்கும். சாயங்காலம் அதுக்கும் சேத்து ஒத வாங்கணும்" என்றார் ஒருவர். எங்கே போனால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்? அடுத்த இரண்டு பயணங்களும் இந்தக் கேள்வியிலேயே போயின. கடைசியில் பதில் சொன்னவர் செல்வி. வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைப்பவர். (பெயரை மாற்றியிருக்கிறேன்.)

"ஜாக்கெட் தைக்கக் குடுத்துட்டு வரேன்னா எந்த ஆம்பளையும் ஒன்னும் கேக்க மாட்டான்க்கா."

அவ்வளவுதான் திட்டம். அளவு ஜாக்கெட்டை வழக்கம்போல் கொடுத்தால் தையல் வேலை. உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிக் கொடுத்தால் பேச வேண்டும் என்று அர்த்தம். அளவெடுக்கிற சாக்கில் செல்வி உள்ளே கூப்பிட்டுக் கேட்பார், தேவையானால் எனக்குப் போன் செய்வார். பக்கத்து ஊர்களில் இன்னும் நான்கு தையல்காரப் பெண்கள் சேர்ந்தார்கள். இத்தனை வருடத்தில் நான் பார்த்த திட்டங்களிலேயே உருப்படியானது இதுதான். அதை வகுத்தது நானில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை செல்வியிடம் ஒரு நீல ஜாக்கெட் திருப்பிய நிலையில் வந்தது. கொடுத்த பெண்ணுக்கு இடது கை வீங்கியிருந்ததாம். வியாழன் பதினோரு மணிக்குப் பிள்ளைகளோடு செல்வி வீட்டுக்கு வந்துவிடுவார், நான் வண்டியோடு போய் அவரை அம்மா வீட்டில் சேர்க்க வேண்டும் என்று ஏற்பாடு.

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஆட்டோ பேசினேன். 14 கிலோமீட்டர், 350 ரூபாய். வண்டியைக் கிளப்பிய ஓட்டுநர் மேலே கையைக் காட்டினார்.

"பாத்தீங்களா மேடம்? புருஷன் அடிச்சா இந்த அக்காங்ககிட்ட சொல்லலாமாம். நேத்துதான் கட்டினாங்க. நல்லா கலரா போட்டுகிறாங்க."

பன்னிரண்டுக்கு எட்டு அடி ஃப்ளெக்ஸ். செல்வி உட்பட ஐந்து பேரின் போட்டோ, பெயர், ஊர், செல் நம்பர். கீழே கொட்டை எழுத்தில் 'ரகசியம் காக்கப்படும்'. ஐந்து பேரையும்விடப் பெரிதாக, கைகூப்பியபடி எங்கள் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் மணிவேல்.

போனில் கத்தினேன். அவருக்கு என் கோபமே புரியவில்லை. "இன்னா மேடம் இப்டி பேசறீங்க? காதுகுத்துக்கே பேனர் வைக்கிற ஊரு இது. இவ்ளோ நல்ல காரியம் பண்றாங்க, அவங்களுக்கு ஒரு மரியாதை வேணாமா? எங் கைக்காசு மேடம்!"

மனதார நல்லது செய்துவிட்டு நிற்கிற ஆளை என்ன சொல்லித் திட்டுவது? தவிர, அடையாள அட்டை கேட்ட தலைமை அலுவலகத்துக்காக அந்தப் போட்டோக்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டவள் நான். ரகசியமான வேலைக்கு எதற்கு அடையாள அட்டை என்று அங்கே யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மணிவேல்மீது வந்த கோபத்தில் பாதி என்மீது வர வேண்டியது.

10.15க்குச் செல்வி வீடு. மெஷின் மூடிக் கிடந்தது.

"காலைல ஏழரைக்கே அந்தாளு வந்துட்டான்க்கா. செல்லுல அந்த பேனர் படத்த காட்டி, இது நீதானன்னான். 'எம் பொண்டாட்டி ஜாக்கெட்ட குடு'ன்னான். குடுத்துட்டேன். வேற இன்னா பண்றது? வாசல்லயே நின்னு அத நல்ல பக்கமா திருப்பி, மடிச்சி எடுத்துனு போனான்."

இரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம். அந்தப் பெண் வரவில்லை. நான் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறேன் என்று எழுந்தபோது செல்வி கையைப் பிடித்து உட்கார வைத்தார். "நீங்க போயிட்டு பஸ் ஏறிடுவீங்க. அடி அவளுக்கு."

திரும்பும் வழியில் பழக்கடையில் கத்தி வாங்கி, ஆட்டோ ஓட்டுநரும் நானுமாக ஃப்ளெக்ஸை அறுத்து இறக்கினோம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. அது ஏற்கெனவே எத்தனை செல்போன்களில் இருக்கிறதோ தெரியாது.

இதுபோன்ற வேலையாக வருபவர்களுக்குச் சில விஷயங்கள். காலை பஸ்ஸில் வந்து மாலை திரும்பிவிடலாம், கூட்டமிருக்காது. சுற்றுவட்டார ஊர்களுக்குப் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம், ஆனால் எப்போது வரும் என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்காதீர்கள். அலுவலகம் கேட்டாலும் எடுக்காதீர்கள். யாரிடம் எதைச் சொல்லக் கூடாது என்பதை முதல் நாளே, உள்ளூர் ஒருங்கிணைப்பாளரிடமும் சேர்த்து, உட்கார வைத்துப் பேசிவிடுங்கள். நான் பேசவில்லை. செல்விக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று தோன்றினால் இரண்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தால் போதும்.

அது எந்த ஊர் என்று கருத்துப் பெட்டியில் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஜாக்கெட் விஷயத்தை எழுதியதற்குக் காரணம், அது இனி உதவாது என்பதுதான். போன வாரம் செல்வி போன் செய்தார். வேறு வழி வைத்திருக்கிறார்களாம்.

"இன்னான்னு உங்களுக்கு சொல்ல மாட்டேன்க்கா, தப்பா நெனச்சிக்காதீங்க."

நினைக்கவில்லை. நீல ஜாக்கெட் கொடுத்தவர் வந்தாரா என்று மட்டும் கேட்டேன். செல்வி அதற்கும் பதில் சொல்லவில்லை.