மடவைச் செவுளும் ஒரு கை ஐஸும்

மீன் செவுளை அழகு என்று சொன்னால் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். மீன் வாங்குகிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பது சிவப்பாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான். வீட்டுக்கு வந்ததும் அது குப்பைக்குப் போய்விடும். நான் அந்தக் குப்பையைத்தான் வருஷக்கணக்கில் படித்தேன். கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலையில் ஷிப்ட் முடித்து வருகிற அப்பா, சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"இன்னாம்மா, இன்னிக்கும் செவுளுதானா? அந்த மீனுக்கு ஒடம்பு, வாலு எல்லாம் கீதில்ல? அத்தயும் கொஞ்சம் பாக்கறது."

எனக்குக் கோபம் மூக்கின் மேல் நிற்கும். அப்போது இன்னும் அதிகம். "நமக்கு நுரையீரலு உள்ள பத்திரமா கீது. மீனு அத்தத் தண்ணில நீட்டிக்கினு வாழுதுப்பா. தண்ணில இன்னா கெட்டாலும் மொதல்ல செவுளுலதான் தெரியும்" என்று ஒருநாள் பொரிந்து தள்ளினேன். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எங்க பர்னஸ் பக்கம் நிக்கறவன் மாதிரின்னு சொல்லு" என்றார். என் ஆய்வை அதைவிடச் சுருக்கமாக நானே சொன்னதில்லை.

மீனுக்குச் செவுள் மூச்சு விடுவதற்கு மட்டுமல்ல. உடம்புக்குள் எவ்வளவு உப்பு இருக்க வேண்டும் என்பதையும் பெரும்பாலும் அதுதான் பார்த்துக்கொள்கிறது. செவுளை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக வெட்டி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஒரு சீப்பு தெரியும். சீப்பின் ஒவ்வொரு பல்லிலும் இன்னும் சின்னப் பற்கள். அவற்றின் மேல் மெல்லிய தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பது அந்தத் தோல் மட்டும்தான். மீனுக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்தத் தோல் அடியை விட்டு எழும்பிக்கொள்ளும், வீங்கும். இதை முதன்முதலில் பார்த்த அன்று மதியச் சாப்பாட்டையே மறந்து உட்கார்ந்திருந்தேன்.

நான் எடுத்துக்கொண்ட மீன் மடவை. பழவேற்காடு ஏரியின் தெற்கு ஓரத்தில், கழிவு வாய்க்கால் ஒன்று வந்து விழுகிற இடத்து மடவையையும், தூரத்தில் கடல் முகத்துவாரத்து மடவையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. வாய்க்கால் எங்கிருந்து வருகிறது என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தவரை பல இடத்துத் தண்ணீர் அதில் கலந்திருந்தது. அதனால் நான் யார் பெயரையும் சொல்லப்போவதில்லை.

அந்த வாய்க்கால் முனையில் எனக்கு மீன் பிடித்துக் கொடுத்தது ஒரே குடும்பம். புருஷன் வலை போடுவார், பெண்சாதி மீனைக் கூடையில் சுமந்து பொன்னேரிச் சந்தையில் விற்பார். அந்த அம்மாவை நான் அக்கா என்று கூப்பிடுவேன். நினைத்த நாளில் நினைத்த இடத்தில் வலை போட அந்த ஏரியில் முடியாது. பாடு என்று ஒரு முறை உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, எந்த இடம் எந்த நாள் யாருக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். அடுத்தவர் பாட்டில் வலையை இறக்குவது அங்கே பெரிய குற்றம். வாய்க்கால் முனை அக்கா குடும்பத்துக்கு விழுந்திருந்தது. அவர்களுடைய பாட்டு நாள்தான் என்னுடைய ஆராய்ச்சி நாள்.

முகத்துவாரத்தில் பகலில் வலை போடுவார்கள். அங்கே நானே படகில் போய், வலையிலிருந்து எடுத்த கையோடு செவுளை வெட்டி மருந்து பாட்டிலில் போட்டுவிடுவேன். அக்காவின் இடத்தில் வலை விடிவதற்கு முன்பே கரைக்கு வந்துவிடும். நான் கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்து, அதுவும் வழியெல்லாம் நின்று நின்று போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும்.

"முந்தின நாளே வந்து எங்க ஊட்ல படுத்துக்கோயேன், பாப்பா. பாய் இல்லியா, தலகாணி இல்லியா?" என்று அக்கா கேட்டார். வீட்டில் விடமாட்டார்கள் என்று சொன்னேன். நான் வீட்டில் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. கேட்டிருந்தால் அப்பா ஒருவேளை சரி என்றிருப்பார். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

"அப்போ உசிரோட வச்சிருங்கக்கா. செத்துப்போச்சின்னா செவுளு கெட்டுடும், எனக்கு ஆவாது" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அக்கா பெரிய பிளாஸ்டிக் டப்பில் ஏரித் தண்ணீரை நிரப்பி மடவைகளை நீந்தவிட்டு வைத்திருப்பார். குளிர்காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வெயில் காலம் வந்ததும் மீன்கள் வாயைத் தூக்கிக்கொண்டு தவித்தன. இரண்டு தடவை நான் போவதற்குள் எல்லாம் செத்து மிதந்தன. அக்காவின் முகம் சுண்டிப்போனது. "சந்தைல ஒருத்தி என் மீன மூஞ்சி சுளிச்சிப் பாத்ததில்ல. படிக்கற பொண்ணு கைல செத்த மீனா குடுக்கறது? சே!" என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அதற்கு அடுத்த தடவையிலிருந்து மீன்கள் சாகவில்லை. நான் எவ்வளவு தாமதமாகப் போனாலும் டப்பில் உயிரோடு இருந்தன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "சூப்பர்க்கா!" என்று கட்டிக்கொண்டேன். எப்படி என்று கேட்கத் தோன்றவில்லை. டப்பை நிழலில் வைத்திருக்கிறார், அதனால்தான் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

குளிர்காலத்து மீன்களில் வித்தியாசம் லேசாகத்தான் இருந்தது, அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வெயில் காலத்துச் செவுள்களைச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. முகத்துவாரத்து மீனில் தோல் ஒழுங்காக ஒட்டியிருந்தது. வாய்க்கால் மீனில் பல்லுக்குப் பல் எழும்பி வீங்கியிருந்தது. குழந்தைக்குக் காட்டினால்கூட வித்தியாசம் சொல்லும். என் வழிகாட்டியான பேராசிரியை மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, "ஏய், இது பெரிய ரிசல்ட்!" என்றார். அவர் வாயிலிருந்து பாராட்டு வருவதே அபூர்வம்.

அந்த நேரத்தில்தான் வாய்க்காலை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று சேதி வந்தது. அகலப்படுத்தினால் தோண்டுகிற மண்ணை முனையில்தான் கொட்டுவார்கள், அக்காவின் பாட்டு இடம் அதற்கடியில் போய்விடும். ஊரில் எல்லாருக்கும் கொதிப்பு. கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், அதிகாரிகள் வருவார்கள், யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றார்கள். "மீனு கெட்டுப்போச்சின்னு நாங்க சொன்னா ஆதாரம் எங்கன்றாங்க. உன் படத்த எடுத்தாந்து காட்டு பாப்பா" என்று அக்காவின் புருஷன் கேட்டார். ஊரே என் படங்களை நம்பித்தான் இருந்தது. நானும் தெம்பாகத்தான் இருந்தேன். படங்களைப் பெரிதாக அச்சடித்து, கூட்டத்துக்கு முந்தின நாள் அக்கா வீட்டுக்குக் கொண்டு போனேன்.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து படத்தை வாங்கிப் பார்த்தார். எது நல்ல தோல், எது வீங்கின தோல் என்று காட்டினேன். "ஐயோ, எப்டி வீங்கி கீது பாரேன்!" என்று கன்னத்தில் கை வைத்தார். அப்புறம் பெருமையாகச் சொன்னார்.

"நான் மட்டும் உசிரோட வைக்கலன்னா உனுக்கு இந்தப் படம் கெடச்சிருக்குமா? கூடைக்கு வாங்கற ஐஸ்ல நீ வர்ற நாள்லல்லாம் உனுக்கோசரம் ஒரு கை ஒடச்சி டப்புல போடுவேன். தண்ணி சில்லுனு ஆனா மீனு தூங்கறாப்ல கெடக்கும். நீ வர்றதுக்குள்ள கரைஞ்சிடும். அப்பப்ப இன்னொரு கை போட்டு..."

அங்கேயே பேச்சை நிறுத்திவிட்டார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, தெரியவில்லை.

 ஐஸ் உப்பில்லாத நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீரில் கிடந்த மீனைச் சில்லென்று நல்ல தண்ணீர் கலந்த டப்பில் போட்டால் செவுள் தோல் எழும்பலாம், வீங்கலாம். நான் படத்தில் காட்டியது அச்சு அசலாக அதுதான். ஏதோ புத்தகத்தில் படித்து, என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் நானே எழுதி வைத்த விஷயம். வாய்க்கால் தண்ணீரும் அதே வீக்கத்தைத் தரும். ஐஸும் தரும். இந்தப் படத்தில் இருப்பது எது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"எப்பலேர்ந்துக்கா?" என்று கேட்டேன்.

"வெயில் ஏறினதுலேர்ந்து. ஏன் பாப்பா, தப்பா?"

"இல்லக்கா. சும்மா கேட்டேன்" என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே பேராசிரியைக்குப் போன் செய்தேன். ஐஸைப் பற்றிச் சொன்னேன். அவர், "அந்த ஸ்லைடு எதையும் எங்கேயும் காட்டாதே. மறுபடி மீன் எடு. ஐஸ் இல்லாம" என்றார். சரியான வார்த்தைதான். இன்றைக்கு என் மாணவி வந்து இதையே சொன்னாலும் நானும் அதைத்தான் சொல்வேன். அந்த வருஷத்துப் பாடு முடிந்து, அந்த இடம் வேறு கைக்குப் போகிற நேரமாகிவிட்டது என்று அவரிடம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

மறுநாள் படங்கள் இல்லாமல் கூட்டத்துக்குப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. "படம் சரியா வரலக்கா" என்று வாசலிலேயே அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் அக்காவின் புருஷன் காதில் அது ஏறவில்லை. அவர் முறை வந்ததும் மைக்கைப் பிடித்தார்.

"எங்க மீனோட செவுளு வீங்கிப் போய்க் கீது சார். நாங்க சொல்லல, படிச்சவங்க பூதக்கண்ணாடில பாத்துச் சொல்றாங்க. தோ, ஒக்காந்துகினு கீதே அந்தப் பொண்ணு. அத்தயே கேளுங்க."

மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது. மேடையில் இருந்த அதிகாரி நல்ல மனிதர்தான். "நீங்க சொல்லுங்கம்மா, வாய்க்கால் தண்ணியாலதான் மீனுக்குப் பாதிப்பா?" என்று மரியாதையாகவே கேட்டார். யாரோ மைக்கை என் கையில் கொடுத்தார்கள். 

"இப்போதைக்கு உறுதியா சொல்ல முடியாது, சார்."

அவ்வளவுதான் சொன்னேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அக்காவின் புருஷன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கோபப்பட்டிருந்தாலாவது தேவலை. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன்?" என்று அதிகாரி கேட்டிருந்தால் ஐஸைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அத்தனை பேர் நடுவில், அக்கா புருஷன் எதிரில், அதைச் சொல்லியிருப்பேனா? தெரியாது. அவர் கேட்கவில்லை.

என் படம் இருந்திருந்தால் மட்டும் வாய்க்கால் வேலை நின்றிருக்குமா? நின்றிருக்காது என்று பலர் சொல்லிவிட்டார்கள். எனக்கும் அது தெரிகிறது. அது வேறு விஷயம். மழைக்காலம் முடிந்ததும் வேலையை ஆரம்பித்து, வாய்க்கால் முனையில் மண் கொட்டினார்கள். அதன் மேல் தார் ரோடு வந்தது. நான் முகத்துவாரத்து மடவைகளை மட்டும் வைத்து, நல்ல மீனின் நல்ல செவுள் எப்படி இருக்கும் என்று ஒரு ஆய்வேட்டை எழுதிப் பட்டம் வாங்கினேன். இப்போது திருவள்ளூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு நான் அக்கா வீட்டுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

போன கோடையில் ஒரு வேலையாகப் பொன்னேரி போனவள், சந்தை வழியாக நடந்தேன். அக்கா அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். ஏரி மீன் இல்லை, லாரியில் வந்த மீன். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"பாப்பா! இன்னா இப்டி எளச்சிப்புட்ட? நாஷ்டா துண்ணியா? கல்யாணம் ஆச்சா?" என்று கேள்வி மேல் கேள்வி. நான் மடவை இருக்கிறதா என்று கேட்டேன். பெட்டியின் அடியிலிருந்து நல்லதாகப் பொறுக்கி எடுத்தார். எடுத்தவர், ஒவ்வொரு மீன் மேலும் ஒட்டியிருந்த ஐஸைக் கையால் வழித்துப் போட்டார். செவுளைத் தூக்கி, அதற்குள் இருந்த துணுக்கைக்கூட விரலால் நோண்டி எடுத்தார்.

"அய்யே, இன்னாக்கா பண்றீங்க? கொழம்புக்குத்தான். ஐஸ் இருந்தா இருக்கட்டும்."

அக்கா நிமிரவில்லை. "ஐஸு உனுக்கு ஆவாது. அன்னிக்கே தெரியும் பாப்பா. ஐஸுன்னு சொன்னதும் உன் மூஞ்சி செத்துப் போச்சே. நாந்தான எல்லாத்தயும் கெடுத்தது?"

 ஐஸைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்து அக்காவைக் காப்பாற்றிவிட்டேன் என்றல்லவா இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்லக்கா, சத்தியமா இல்ல. ஐஸால வீங்கிச்சா, வாய்க்காலால வீங்கிச்சான்னு தெரியல. அதான் நான் பேசல. உங்களாலன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"என்னால இல்லன்னும் சொல்ல முடியாது, இல்ல?"

அக்கா இன்னொரு மடவையின் செவுளைத் தூக்கித் துடைத்தார்.

"திரும்பப் பாத்தா தெரியுமா?"

"எங்கக்கா போய்ப் பாக்கறது? அங்கதான் ரோடு போட்டுட்டாங்களே."

"அப்ப கடைசி வரிக்கும் நாந்தான்னு நெனச்சிக்கினே கெடக்க வேண்டியதுதான்" என்றார் அக்கா. அழவில்லை. மீனைப் பையில் போட்டு, வாயை முடிந்து, என் கையில் கொடுத்தார். கூட்டத்தில் இன்னொருத்தி விலை கேட்க, அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருவள்ளூர் பஸ்ஸில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டேன். நல்ல வெயில். பெரியபாளையம் தாண்டுவதற்குள் பையிலிருந்து வாடை வர ஆரம்பித்துவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"இன்னாமா இது, மீனா? ஒரு கை ஐஸு போட்டு வாங்கினு வரக் கூடாதா?" என்று கேட்டார்.