சுரைக்காய்ச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும்

பிள்ளை பிறந்து எட்டு மாதம் ஆன பிறகும் நான் பிள்ளை பெறப் போகிறவளைப் போலவே இருந்தேன். புதிதாகப் பார்ப்பவர்கள் என் இடுப்பில் இருக்கும் குழந்தையையும் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அடுத்தது எப்பத்தா?" என்று கேட்பார்கள். சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் நான் எடை குறைக்கக் கிளம்பியது அதற்காக அல்ல. பிள்ளை வயிற்றில் இருந்தபோது ஏறிய இரத்த அழுத்தம், பிள்ளை வெளியே வந்த பிறகும் இறங்க மறுத்துவிட்டது.

டாக்டரம்மா என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். மறுபடியும் அடித்துப் பார்த்தார்.

"உப்பைக் குறைங்க. எடையைக் குறைங்க. ஒரு மாசம் பார்ப்போம். இறங்கலைன்னா மாத்திரைதான். அந்த மாத்திரை சாப்பிட்டா பிள்ளைக்குப் பால் கொடுக்கக் கூடாது."

கடைசி வாக்கியத்துக்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. என் மகள் டப்பாப் பாலைக் கொடுத்தால் கொடுத்த வேகத்தில் கக்கிவிடுவாள். பசும்பால் கொடுத்துப் பார்த்து, அவளுக்கு வயிற்றாலே போய், நாங்கள் எல்லோரும் ஓய்ந்துபோயிருந்தோம். கேழ்வரகுக் கூழை வாயில் வைத்தால் நாக்காலேயே தள்ளுவாள். அவளுக்கு இறங்கியது என் பால் ஒன்றுதான். ஒரு மாதத்தில் என் இரத்த அழுத்தம் இறங்கினால் அவளுக்குப் பால் உண்டு. இறங்காவிட்டால் இல்லை. இதை எழுதும்போது எளிமையாக இருக்கிறது.

வீட்டில் நாங்கள் நாலு பேர்: நான், மகள், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா. நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். அத்தை, டாக்டர் சொன்ன முதல் பாதியைக் கேட்டுச் சிரித்தார்.

"பிள்ளை பெத்தவ உடம்பு ஊதாம பின்ன வத்தவா செய்யும்?"

மாத்திரை, பால் என்ற இரண்டாவது பாதியைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குழந்தையைப் பார்த்தார்.

"சரித்தா. உப்பைக் குறைக்கணும், அம்புட்டுத்தான. அதை நான் பாத்துக்கிறேன்."

அன்றிலிருந்து குழம்புக்கு உப்புப் போடுவதற்கு முன்பே ஒரு கரண்டி எடுத்துத் தனிக் கிண்ணத்தில் எனக்கு வைத்துவிடுவார். ரசமும் அப்படி, தொட்டுக்கொள்ளும் வெஞ்சனமும் அப்படி. ஊறுகாய் ஜாடி என் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போனது. உப்பில்லாத புளிக்குழம்பைச் சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும், அது குழம்பே இல்லை, குழம்பின் மீது யாரோ சொல்லும் புகார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் சொன்னபடி செய்வேன், செய்துவிட்டு அது சரிதானா என்று மூன்று பேரிடம் கேட்பேன். எங்கள் தெருவில் போர் குழாயில் வருவது உப்புத் தண்ணி, வாரத்துக்கு ஒருமுறை நகராட்சிக் குழாயில் வருவது நல்ல தண்ணி. உப்புத் தண்ணியில் வாய் கொப்பளித்தால் அந்த உப்பும் கணக்கில் சேருமா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

உப்பு குறைந்தது. எடைக்கு வழி காட்டியவர் பக்கத்து வீட்டு வாத்தியார் மனைவி. பாலசமுத்திரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவர். வாரப் பத்திரிகைகள் எல்லாம் வாங்கி, படித்து முடித்துக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருப்பார். ஒருநாள் பக்கத்தை மடித்துக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, இதைப் பாருங்க. வெறும் வயித்துல வெண்பூசணிச் சாறு குடிச்சா உடம்பு தானாக் கரையுதுன்னு போட்டிருக்குதுங்க."

பக்கத்தில் ஒரு பெண்ணின் படம் வரைந்திருந்தது. அவள் சாறு குடித்துத்தான் அப்படி ஆனாளா, அல்லது வரைந்தவர் மையை மிச்சம் பிடித்தாரா என்று சொல்ல முடியவில்லை.

"நீங்க குடிச்சுப் பாத்தீங்களாக்கா?" என்றேன். அவரும் என்னைவிட ஒரு சுற்று அதிகம்தான்.

"நானுங்களா? எனக்குச் சளி உடம்புங்க. ஒத்துக்காதுங்க."

என் வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதினார். காய்க்கு எங்கள் வீட்டில் பஞ்சம் இல்லை. ஆனால் என்ன காய் என்பதை நாங்கள் முடிவு செய்வதில்லை. கேரளாவுக்கு லாரி ஏறிய பிறகு தரையில் மிஞ்சியது எதுவோ அது திண்டுக்கல்லுக்கு, எங்கள் வீட்டுக்கு, பஸ்ஸில் சாக்கோடு வரும். முதல் வாரம் வெண்பூசணி வந்தது. அடுத்த வாரம் பூசணி நல்ல விலைக்குப் போய்விட்டதால் முள்ளங்கி வந்தது.

"பத்திரிகையில வெண்பூசணின்னுல்ல போட்டிருக்கு" என்றேன்.

"பூசணி வாதமாம். மண்டியில பேசிக்கிட்டாங்க. ஊளைச் சதைக்கு முள்ளங்கிதான் நல்லதாம்."

அதற்கடுத்த வாரம் முள்ளங்கி சூடு என்று மண்டியில் கண்டுபிடித்துவிட்டார்கள். அன்று சுரைக்காய் மலைபோல் குவிந்து கிடந்ததாம். விலை எந்தப் பக்கம் இறங்கியதோ அந்தப் பக்கமே மருத்துவமும் சாய்ந்தது. சுரைக்காய் விலை ஏறவே இல்லை. ஆகவே நான் சுரைக்காயில் நிலைத்தேன். காலையில் இரண்டு டம்ளர், சாயங்காலம் ஒன்று. சாக்கில் அழுகிவிடக் கூடாதே என்று சில நாள் மத்தியானமும் ஒன்று.

முதல் வெண்பூசணியைத் துருவி, வேட்டித் துணியில் பிழிந்துகொண்டிருந்த நாளிலேயே அத்தை வந்து நின்றுவிட்டார்.

"பச்சையாவா குடிக்கப் போற?"

"பச்சையாத்தான் குடிக்கணுமாம் அத்தை."

"பால் குடுக்குறவ பச்சைக் காயைப் புழிஞ்சு குடிச்சா அந்தக் குளுமை பூராம் பிள்ளை நெஞ்சுலதான் போயி உக்காரும். அப்புறம் பால் இருந்து என்ன, குடிக்கப் பிள்ளைக்கு மூச்சு இருக்கணும்ல?"

அந்த நேரம் பார்த்துத் தூளியில் கிடந்த குழந்தை தும்மியது. நான் டம்ளரைக் கீழே வைத்தேன். அத்தையே ஒரு வழி சொன்னார்.

"குடிக்க வேண்டாம்னு சொல்லல. மிளகும் உப்பும் போட்டுக் குடி. உப்புத்தான் குளுமையை முறிக்கும்."

"டாக்டரம்மா உப்பு வேண்டாம்னு சொல்லியிருக்காங்களே."

"அது சோத்துக்குச் சொன்னது. இது மருந்து."

இதுதான் என் தராசு. ஒரு தட்டில் சளி, இன்னொரு தட்டில் இரத்த அழுத்தம். இரண்டும் போய் நிற்கும் இடம் ஒரே பிள்ளை. வழக்கம்போல மூன்று பேரிடம் கேட்டேன். வீட்டுக்காரர், "பிள்ளை பாலுக்கு என்ன வழின்னு பேசுவியா, அதை விட்டுட்டுச் சொரைக்காய்க்கு உப்பில்லேங்குற" என்றார். நான் பேசியது அதைத்தான். வாத்தியார் மனைவி பத்திரிகையை மறுபடி எடுத்து விளம்பரம் வரைக்கும் படித்துப் பார்த்தார்.

"உப்பைப் பத்தி ஒண்ணுமே போடலீங்க. போடக் கூடாதுன்னா போடக் கூடாதுன்னு போட்டிருப்பாங்கல்லங்க?"

மூன்றாவதாக நான் என்னையே கேட்டேன். ஒரு சிட்டிகைதானே என்றது மனது.

சிட்டிகை யாருடையது என்று நான் கேட்டிருக்க வேண்டும். எங்கள் தெருவில் யார் வீட்டில் வடகம் போட்டாலும், மாங்காய் ஊறவைத்தாலும் உப்புப் பார்க்க அத்தையைத்தான் கூப்பிடுவார்கள். ஐந்து விரலையும் குவித்து ஜாடிக்குள் விட்டு எடுப்பதற்குப் பெயர்தான் அவர் ஊரில் சிட்டிகை. அதுவும் கல்லுப்பு. அதை அம்மியில் மிளகோடு வைத்து நுணுக்கிச் சாற்றில் கலக்கி, பேத்தியை நினைத்துக்கொண்டு கடைசியில் இன்னும் கொஞ்சம் போடுவார். சாறு மட்டும் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் அதுதான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அப்போது உடம்பு கேட்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மற்றபடி என் விரதம் தெருவுக்கே தெரிந்துவிட்டது. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் பெண்கள் குடத்தை முன்னே நகர்த்தி எனக்கு வழி விட்டார்கள். "உப்பில்லாம திங்குறாளாம். எங்கனால ஒரு வேளை ஏலாதுப்பா" என்றாள் ஒருத்தி. அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

நடுவில் பழனிக்குப் போய்ப் பிள்ளைக்கு முடி இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரத்தில் இறங்கச் சொன்னார். மண்டியில் மூட்டை போடும் தராசு இருக்கிறதாம், ஒரு எட்டு எடை பார்த்துவிடலாமாம். மதியம் ஆள் நடமாட்டம் குறைந்த நேரம். வெங்காயச் சருகு ஒட்டிய தட்டில், குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு ஏறி நின்றேன். எடை போடுகிறவர் முள்ளைப் பார்த்தார், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"ஏனுங்க கணக்கரே, சாக்குக்குக் கழிக்கிற மாதிரி சேலைக்கும் ஒரு கிலோ கழிச்சுக்கட்டுங்களா?"

கழித்துக்கொண்டார்கள். அப்படியும் இப்படியுமாக டாக்டர் எழுதிய எடையிலிருந்து நான் குறைந்திருந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சேலையின் எடை உண்மையில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

மாதம் முடிந்து டாக்டரம்மாவிடம் போனபோது அத்தையும் கூட வந்தார். பிள்ளை என் மடியில் இருந்தது. டாக்டரம்மா காற்றடித்தார், இறக்கினார், மறுபடியும் அடித்தார்.

"எடை கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஆனா பிரஷர் போன தடவையை விட ஏறியிருக்கே."

பேனாவை எடுத்து மருந்துச் சீட்டைத் தன் பக்கம் இழுத்தார். என் கை தானாகவே குழந்தையை இறுக்கிக்கொண்டது. அது நெளிந்தது.

"உப்பைக் குறைச்சீங்களா, இல்லையா?"

"சோத்துல ஒரு கல்லு கூடப் போடலை டாக்டர்."

"ஊறுகாய், அப்பளம், கருவாடு?"

"தொடுறதே இல்லை."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இப்படிச் சொல்லும் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன் என்று இருந்தது. என் கண்ணில் நீர் முட்டியதைப் பார்த்து அத்தைக்குப் பொறுக்கவில்லை.

"அவ பொய் சொல்ல மாட்டா டாக்டரம்மா. நாந்தான கொழம்பைத் தனியா எடுத்து வைக்கிறேன். பாவம், உப்பில்லாத சோத்தை முழுங்க முடியாம முழுங்குறா. இந்தச் சொரைக்காய்ச் சாறு ஒண்ணுதான் அவளுக்குக் கொஞ்சம் வாய்க்கு இறங்குது. அதுல மட்டும் நல்லா உப்புப் போட்டுக் குடுக்குறேன், பிள்ளைக்குச் சளி பிடிக்கக் கூடாதுல்ல."

டாக்டரம்மா பேனாவை மூடினார்.

"எவ்வளவு போடுறீங்க?"

அத்தை ஐந்து விரலையும் குவித்துக் காட்டினார்.

"ஒரு நாளைக்கா?"

"ஒரு தம்ளருக்கு."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"ஏம்மா, இதுக்குச் சோத்துலயே உப்புப் போட்டுச் சாப்பிட்டிருக்கலாமே. ருசியாவாவது இருந்திருக்கும்."

பிறகு சொன்னார்: சாறு வேண்டாம், காயைச் சமைத்துச் சாப்பிடலாம், தினமும் நடக்க வேண்டும், இன்னும் இரண்டு வாரம் தவணை, அதற்கு மேல் அவராலும் முடியாது.

வீடு வரும்வரை அத்தை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். வந்ததும் உப்பு ஜாடியைத் தூக்கிப் பரண் மேல் வைத்தார். எனக்கு மட்டும் அல்ல, அன்றிலிருந்து வீட்டில் யாருக்குமே உப்பு கிடையாது. ராத்திரிச் சாப்பாட்டில் வீட்டுக்காரர் முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். உப்பு இல்லையென்றால் ஆண்களுக்கு நரம்புத் தளர்ச்சி வருமாம், மண்டியில் பேசிக்கொண்டார்களாம்.

"ஏலே, ஒம் மகளுக்குப் பால் வேணுமா, ஒனக்கு உப்பு வேணுமா? ஒண்ணைச் சொல்லு" என்றார் அத்தை.

வீட்டுக்காரர் குனிந்து சாப்பிட்டார். மறுநாளிலிருந்து மத்தியானம் ஒட்டன்சத்திரத்திலேயே சாப்பிட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டார்.

நடப்பதுதான் பெரும் பாடாக இருந்தது. கல்யாணமான பெண் காரணம் இல்லாமல் தெருவில் நடந்தால் அதற்கு எங்கள் ஊரில் ஒரே ஒரு அர்த்தம்தான். முதல் நாள் கோட்டை அடிவாரம் வரை போய்த் திரும்புவதற்குள் நாலு பேர், "எங்கத்தா போற? வீட்டுல எதும் சண்டையா?" என்று கேட்டுவிட்டார்கள். ஒருத்தி சமாதானம் பேச வீடு வரைக்கும் கூடவே வந்தாள். அடுத்த நாள் அத்தை ஒரு வயர் கூடையை என் கையில் கொடுத்தார். கூடை இருந்தால் கடைக்குப் போகிறவள். காலிக் கூடை ஆடக் கூடாது என்று அடியில் இரண்டு சுரைக்காயையும் போட்டு அனுப்பினார். காலையும் மாலையும் அந்தச் சுரைக்காய்களோடு நடந்தேன். அவற்றைக் குடித்ததைவிடத் தூக்கியதில் பலன் அதிகம் இருந்திருக்குமோ என்னவோ.

இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா பட்டையைக் கழற்றும்போது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இறங்கியிருக்கு. மாத்திரை இப்ப வேண்டாம். பால் கொடுங்க. ஆனா இப்படியே இருக்கணும்."

வெளியே வந்து பெஞ்சில் உட்காரும் முன்பே குழந்தை சிணுங்கத் தொடங்கிவிட்டது. பெஞ்சின் ஓரத்தில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து அவளை மடியில் போட்டேன். அத்தை முந்தானையை விரித்து மறைப்பாக நின்றுகொண்டார். அவள் குடிக்கும் சத்தம் கேட்டது. சற்று நேரம் அத்தை அதைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"உப்பை எடுத்ததுலதான் எறங்குச்சோ, நடந்ததுலதான் எறங்குச்சோ" என்றேன். சாறு குடிக்காததால் இறங்கியிருக்கலாம் என்பதையும் சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.

"எதுல எறங்குனா என்னத்தா, எறங்கிருச்சுல்ல" என்றார் அத்தை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அதான் சரியாப் போச்சே, இன்னிக்கு ஒரு நா மட்டும் உப்புப் போட்டு ஒரு கத்திரிக்காய் வெஞ்சனம் வைக்கவா? உன் மூஞ்சியைப் பாக்க முடியல."

எனக்கு வாயில் எச்சில் ஊறியது. குழந்தையை மறுபக்கம் மாற்றினேன்.