டைம் ஆபீஸ் பெஞ்சில் பதினோரு நாட்கள்

எரிந்த எண்ணெயும் சூடான இரும்பும் கலந்த ஒரு வாசனை... திருவொற்றியூரில் நான் வேலை பார்த்த ஆலையின் டைம் ஆபீஸுக்குள் காலை ஏழு மணிக்கே அது வந்துவிடும். ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று வரும். கூடவே இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பின் இரைச்சலும் வரும் என்பதால் திறப்பதில்லை.

எழுபதுகளின் நடுவில், இருபத்திரண்டு வயதில், அங்கே வருகைப் பதிவு எழுத்தராக இருந்தேன். ஊர் தூத்துக்குடிப் பக்கம். ராயபுரத்தில் ஓர் ஒற்றை அறை. தொழிலாளர்களுக்கு நான் நிர்வாகத்தின் ஆள். நிர்வாகத்துக்கு நான் யாருமில்லை. "லேட்", "கார்டு எங்கே?" இந்த இரண்டைத் தவிர வேறு எதுவும் பேசாத நாட்கள் உண்டு.

தேவராஜ் பிரஸ் ஆபரேட்டர். வியாசர்பாடிக்காரர், நாற்பது வயது. ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. ஆள் பற்றாக்குறை என்று இரண்டாவது ஷிப்டுக்கும் நிறுத்திவைக்கப்பட்ட ஒரு மாலையில் அவருடைய வலது கை இயந்திரத்தில் சிக்கியது. உற்பத்தி குறைகிறது என்று கைத்தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்கள். இரண்டு விரல்கள் போயின.

மறுநாள் காலை கம்பெனி வேனே அவரை வீட்டிலிருந்து அழைத்து வந்தது. இடது கையால் கார்டைப் பஞ்ச் செய்துவிட்டு, கட்டுப் போட்ட கையோடு என் எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

அது எங்கள் ஆலையின் வழக்கம். அடிபட்டவர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் வேலைக்கு வர முடியாமற்போனால்தான் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் வந்தவர் வந்தவர்தான். ஆகவே விபத்து நடக்கவில்லை.

மதியம் அவர்தான் முதலில் பேசினார்.

"இன்னா நைனா, காலைலேர்ந்து பாத்துகினே கீறேன். வாய தொறக்கவே மாட்டியா?"

அப்படித்தான் தொடங்கியது. தன் பேட்டையின் கால்பந்து ஆட்டங்களைச் சொல்வார். என் ஊர்ப்பேச்சைக் கேட்டுச் சிரிப்பார். வாங்கி வரும் டீயில் பாதியை என் பக்கம் தள்ளுவார்.

"பதினாறு வர்சத்துல இந்தக் கம்பெனில ஒரு நாளு குந்தினதில்ல நைனா. ரெண்டு வெரலு குட்த்தா பெஞ்சு. முயுக் கையும் குட்த்தா மெத்த போடுவாங்களோ இன்னாவோ."

பதினோரு நாட்கள். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சென்னைக்கு வந்தபின் நான் ஆவலோடு வேலைக்குப் போன நாட்கள் அவை மட்டுமே.

பதினோராம் நாள், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இனிமே பிரஸ்ல நிக்க முடியாது. லைட் வேல கேட்டா, அடிபட்டதா ரிஜிஸ்டர்ல ஒண்ணியும் இல்லியேன்றாங்க. அந்த புக்கு உன்னாண்டதான கீது? நடந்தத எய்து நைனா. வேற ஒண்ணும் வோணாம்."

"நீங்க ஒரு நாள்கூட லீவு போடலையே அண்ணாச்சி. விதிப்படி நான் எப்படி எழுத?"

பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"சரிங்க சார்," என்றார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாட்களிலும்... பத்து நாட்கள் கடந்ததும், விதிப்படி, "தானாகவே நின்றுவிட்டார்" என்று எழுதினேன். அதையும் என் கையால்தான்.

இப்போது எனக்கு ஐம்பது. வேறோர் ஆலையில் அதிகாரி. கை உள்ளே போனால் இயந்திரம் தானே நின்றுவிடுகிறது. விபத்தில்லாத நாட்களைக் காட்ட வாசலில் ஒரு பலகை. அடிபட்டவரை யாரும் பெஞ்சில் உட்கார வைப்பதில்லை. அவர் காண்ட்ராக்ட் ஆளாக இருந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பலகையில் எண் பூஜ்யத்துக்குத் திரும்புவதில்லை. சின்னச் சிராய்ப்பானாலும், யாருடைய ஆளானாலும், நான் பதிவேட்டில் எழுதிவிடுகிறேன். மதிய உணவின்போது என் மேஜைக்கு யாரும் வருவதில்லை.

அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது, வியாசர்பாடியில் ஏறும் வயதானவர்கள் எந்தக் கையால் கம்பியைப் பிடிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வருகிறேன்.