கயிறு இல்லாத மாடுங்க

மாட்டுத் தரகன் வரதனோட என் மருமவ ஓடிட்டாளா? குழாயடியில நீயே சொல்லிட்டு, என்னாண்ட வந்து கேக்கிறியாடி அம்சா? அவன் பேரச் சொல்லி விசாரிச்சுகினு போனா, அதுக்கே கதை கட்டிட்டீங்க. ஓடிப்போறவ சேலை எடுப்பா, நகை எடுப்பா. மூணு மாட்டுக் கயித்தத் தோள்ல போட்டுகினா போவா?

மருமவ சின்னப்பொண்ணு எங்க திருவிடந்தை வூட்டுக்கு வந்தது தொண்ணூத்தி நாலுல. அவ அம்மா சீரா ஒரு செவலைப் பசுவ ஓட்டி வுட்டாங்க. தாய்வூட்டு மாடும் அது போடுற கன்னும் பொண்ணுக்குத்தான். அவளக் கேக்காம யாரும் வெலை பேசக்கூடாது. எனக்கு அது தெரியாதா?

மேய்க்கிற நேரத்துல படம் போடுவா. என் மவன் ராஜேந்திரனுக்கு மாமல்லபுரத்துல கல்லுப்பட்டறை வேலை. அங்க தேஞ்சு போட்ட பென்சிலக் கொண்டாந்து தருவான். காலண்டர் தாளுக்குப் பின்னால ஏரிக்கரை, ரெண்டு பனை, குனிஞ்சு மேயுற செவலை, அதோட ரெண்டு கன்னு. செவலைக்கு ஒத்தக் கொம்பு மடிஞ்சிருக்கும், அதையும் வுடமாட்டா. கயிறு மட்டும் போடமாட்டா.

"இன்னாடி, கயித்தக் காணோம்? ஊரான் வயல்ல பூந்துடப் போவுது."

"படத்து மாட்டப் பட்டியில அடைக்க யாரு அத்த வரப்போறா?" சிரிப்பா.

அப்புறம் மேய்ச்சல் தரை முழுக்க பிளாட் கல்லு நட்டு வேலி போட்டுட்டாங்க. மாடுங்க கொட்டாயிலயே கட்டிக் கெடந்துச்சு. சுனாமிக்கு முந்தின வருசம், அவ தாய்வூட்டுக் கருமாதிக்குப் போயிருந்தப்ப, ராஜேந்திரன் வரதனக் கூட்டியாந்து மூணையும் டெம்போவுல ஏத்திட்டான். நான் வேணான்னு சொல்லல. மாட்ட வித்தாலும் கயித்தக் குடுக்கக்கூடாது, குடுத்தா கொட்டாயில அப்புறம் மாடு தங்காது. வரதன் வேற கயிறு கொண்டாந்தான். எங்க கயித்த நானே அவுத்து ஆணியில மாட்டினேன்.

மறுநாள் வந்தா. கொட்டாயப் பாத்தா. ஆணியப் பாத்தா. அழுவல. நான் ஊத்தின கஞ்சியக் குடிச்சா, குண்டானக் கழுவிக் கவுத்தா. செவுத்துல அவ ஒட்டியிருந்த மாட்டுப் படத்தக் கிழியாமப் பேத்து, மடிச்சு இடுப்புல சொருவினா. கயித்த எடுத்துத் தோள்ல போட்டா.

"எங்கடி?"

"சந்தையில இந்தப் படத்தக் காட்டிக் கேக்குறேன்."

"வரதன்கிட்ட வித்தது வித்ததுதான்டி."

"நான் விக்கலையே. கயித்த அவுத்தது நீங்களா அத்த?"

ஆமான்னேன். தலைய ஆட்டினா.

"டெம்போ எந்தப் பக்கம் போச்சு?"

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம்னு கையக் காட்டினேன். செருப்ப மாட்டிகினு வாசலத் தாண்டினா. நான் நீட்டின கைய எறக்காம நின்னுகினு இருந்தேன்.